விரியும் பாயும் மடங்கும் கட்டிலும்

வீடு என்னும் சொல்லை எண்ணுந்தோறும் நமக்கு ஒரு வியப்புத் தோன்றுவதுண்டு. ‘விடு’ என்னும் வினையோடு உறவுடைய சொல் அது. வெளியே சுமந்து திரிந்ததையெல்லாம் இறக்கி விடும் இடம் வீடு. பிறவித் துன்பத்தினின்றும் விடுபடும் நிலைக்கும் தமிழர் அப்பெயரையே வைத்தனர். அரபியரோ வேறு வழிகளில் நடந்து இதே வாசலுக்கு வருகின்றனர். இரவைக் கழிக்கும் இடமாதலின் அது ‘பைத்’. வாகனத்தினின்றும் இறங்கித் தங்கும் இடமாதலின் ‘மன்ஸில்’; நம் ஊர்த் தெருக்களில் வாசல்தோறும் ‘மன்ஜில்’ என்று எழுதி வைத்திருக்கிறோமே, அதுதான். அசைவு அடங்கி அமைதி கொள்ளும் இடமாதலின் ‘மஸ்கன்’. திருமறையின் பதினாறாம் அத்தியாயமாகிய அந்நஹ்ல், வீடுகளை மனிதனுக்கு அமைதித் தலமாக இறைவன் ஆக்கியதை நினைவூட்டிய அதே வசனத்தில், கால்நடைத் தோலால் ஆகிய கூடாரத்தையும், பயணத்தின்போது அது சுமப்பதற்கு எளிதாயிருப்பதையும் சேர்த்தே நினைவூட்டுகிறது. கல்லால் கட்டியதும் வீடு. மடித்துத் தோளில் ஏற்றுவதும் வீடு.

ஆகவே மடிப்பதும் விரிப்பதும் நமக்குப் புதியன அல்ல. ஆயினும் இன்றைய சிறு வீடுகளில் கட்டிலும் மேசையும் சுவருக்குள் மடங்கி மறையும்போது, அவற்றோடு சேர்த்து வேறு எதையோ நாம் மடக்கி வைத்துவிடுகிறோமோ என்ற ஐயம் நமக்கு உண்டாயிற்று. அந்த ஐயம் எழுந்த இடம் படூர்.

படூர் அன்பர்கள் பலர் அறிந்த ஊர்தான். சென்னையிலிருந்து தெற்கே கேளம்பாக்கம் நோக்கிச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில், இன்று இராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்ற அச்சாலையில், செங்கற்பட்டு மாவட்டத்துள் அமைந்தது. கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டு உப்பங்கழியும் கிடக்கின்றன. அவற்றைக் கடந்தால் கோவளத்துக் கடல். அங்கே தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்கா. ஸியாரத்துக்காகக் கேளம்பாக்கம் வழியே கோவளம் சென்றவர்கள் சாலையோர உப்பளங்களைப் பார்த்திருப்பர். 1985ஆம் ஆண்டில் படூரில் ஒரு பொறியியற் கல்லூரி தோன்றியது. பின்னர் அருகிலுள்ள சிறுசேரியில் சிப்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கும், பணிக்கு வந்த குடும்பங்களுக்கும் தங்குமிடம் வேண்டுமே! அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக எழுந்தன.

அவற்றுள் ஒன்றின் ஏழாம் மாடியில் நம்முடைய பழைய மாணவர் ஒருவர் குடியிருக்கிறார். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து உடன் தங்கியிருக்கும் அவருடைய தாயார் என ஐவர். வீடோ 600 சதுர அடிக்குச் சற்று மேற்பட்டது. ஒரு கூடம், இரு சிறு அறைகள், ஒரு சமையற்கட்டு. கோவளம் செல்லும் வழியில் ஓர் இரவு அவர் இல்லத்தில் தங்க நேர்ந்தது.

மாணவர் தம் வீட்டுத் தளவாடங்களை ஒவ்வொன்றாக நமக்குத் திறந்து காட்டினார். கூடத்துச் சுவரில் படம்போல் தொங்கிய பலகையைக் கீழே இறக்கினார். அது நால்வர் உண்ணும் மேசையாயிற்று. நாம் அமர்ந்திருந்த மெத்தை இருக்கையின் அடிப்பலகையை இழுத்தால் முதுகுப்பகுதி சாய்ந்து அது கட்டிலாகுமாம். பிள்ளைகள் அறையில் மேலே படுக்கை, கீழே படிப்பு மேசை. ஏணிப்படி ஒவ்வொன்றும் ஓர் இழுப்பறை. கணவன் மனைவி அறையில் இருந்த பெருங்கட்டிலின் மெத்தைப் பலகையை ஒற்றைக் கையால் தூக்கினார். அழுத்தம் ஏற்றிய வாயு அடைபட்ட இரு உருளைகள் பக்கத்துக்கு ஒன்றாக நின்று அப்பளுவைத் தாங்கிக்கொண்டன. உள்ளே ஒரு கிடங்கே இருந்தது.

அறிவின் ஆற்றலைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறேகால் அடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள கட்டிலைப் போட்டால், அறையின் மூன்றில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். இரவில் எட்டு மணி நேரம் பயன்பட்டுப் பகலில் பதினாறு மணி நேரம் சும்மா கிடக்கும் ஒரு பொருளுக்கு அத்துணை இடமா என்று கேட்பது நியாயமான கேள்வியே.

கடற்கரை ஊராதலால் அவர் பட்ட பாட்டையும் சொன்னார். உப்புக் காற்றில் முதலில் போட்ட இரும்புக் கீல்கள் துருவேறி இறுகிவிட்டன. துருப்பிடிக்காத எஃகுக் கீல்களுக்கு மாற்றினார். மலிவாகக் கிடைத்த மரத்துகள் பலகை ஈரம் பட்டு உப்பிப் போயிற்று. இக்காலத்து இலகுக் கற்களால் எழுப்பிய சுவர், சாதாரணத் திருகாணியைப் பிடித்து வைப்பதில்லை. மேசைப் பலகை ஒருநாள் பெயர்ந்து விழுந்தபின் அதற்கென உள்ள பிடிப்பாணிகளைப் போட்டாராம். சொந்த வீடாகையால் துளையிட முடிந்தது. வாடகைக்கு இருப்போர்க்குப் பெரும்பாலும் அந்த உரிமையும் இல்லை. சிறு வீடு வைத்திருக்கும் அன்பர்கள் இவற்றைக் கருத்தில் கொள்வது நல்லது.

இரவுணவு முடிந்தது. இஷாத் தொழுகையும் முடிந்தது. பேச்சு, வீடுகளைப் பற்றியும் எளிமையைப் பற்றியும் முன்னோர் வாழ்வைப் பற்றியும் வளர்ந்தது. நாமும் உற்சாகமாகவே பேசினோம். மணி பத்தரையைத் தாண்டியது. அப்போது மாணவரின் இளைய மகள் நம் அருகில் வந்து நின்று, “வாப்பும்மா கட்டில்லதான் நீங்க உக்காந்திருக்கீங்க” என்றாள். சிறுமியைத் தாய் அதட்டி உள்ளே அழைத்துக்கொண்டார். நாம் திரும்பிப் பார்த்தோம். சமையற்கட்டின் வாசலோரம் ஒரு முக்காலியில், கையில் தஸ்பீஹ் மணியோடு, கண்கள் தூக்கத்தால் செருக அம்மூதாட்டி அமர்ந்திருந்தார். “நீங்க பேசுங்க ஹஜ்ரத், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

மூன்று வருடங்களாக அவ்வீட்டில் அவருடைய படுக்கை அந்த மெத்தை இருக்கைதான். தொலைக்காட்சி அணைந்து, மகன் அலுவலகத் தொலைபேசியில் பேசி முடித்து, வந்த விருந்தினர் எழுந்த பின்னரே அது கட்டிலாக விரியும். காலையில் பிள்ளைகளின் பள்ளி வாகனம் வருமுன் அது மடங்கியாக வேண்டும். உடல் நோகும் பகற்பொழுதில் சற்றே சாய வேண்டுமென்றாலும் கூடத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவரை யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அன்புள்ள மகன், பண்புள்ள மருமகள். ஆயினும் அன்றிரவு எளிமையைப் பற்றி நாம் ஆற்றிய உரை முழுவதும் அவருடைய உறக்கத்தின் மீது அமர்ந்துகொண்டு ஆற்றியதே. அதை எண்ணி வெட்கினோம். அன்று கூடத்தின் தரையில் பாயை விரிக்கச் சொல்லி நாம் அதிற் படுத்துக்கொண்டோம்.

மறுநாட் காலை மாணவர் நம்மை முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்கு அழைத்துச் சென்றார். தென்னாட்டின் பழைய வீடுகளைப் பெயர்த்தெடுத்து வந்து மீண்டும் எழுப்பி வைத்திருக்கும் அக்காட்சிக்கூடம் 1996இல் திறக்கப்பட்டது. இரவு மனத்திலிருந்து அகலாததால், அவ்வீடுகளை நாம் ஒரே ஒரு கேள்வியோடு பார்த்தோம்: இங்கே ஒரு பொருள் எத்தனை வேலை செய்தது?

நெசவாளர் வீட்டில் தறியே பெருந்தளவாடம். குடும்பம் அதைச் சுற்றி வாழ்ந்தது. திண்ணை, பகலில் கடையாகவும் பள்ளியாகவும், இரவில் வழிப்போக்கர் படுக்கையாகவும் இருந்தது. நெல் வைக்கும் பத்தாயத்தின் மேற்பலகையில் ஆள் படுப்பதுண்டு. மாடக்குழி விளக்குக்கும் ஆகும், சில்லறைப் பொருளுக்கும் ஆகும். பரண், உறி, அஞ்சறைப் பெட்டி, கொடியில் தொங்கும் தூளி ஆகிய யாவும் தரையைத் தொடாமல் இடம் பிடிக்கும் உபாயங்களே. நம் சமூகத்தாரின் வீடுகளையும் எண்ணிப் பார்த்தோம். திருமறை ஓதும் ரெஹால், ஒரே பலகையினின்றும் இரு இலைகளாகப் பிளந்து செதுக்கிய மடக்குப் பொருள். ஓதி முடித்தால் தட்டையாகி மாடத்துள் அடங்கும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் விருந்தென்றால் தரையில் விரிப்பை விரித்து, ஒரே ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பர். உண்டு முடிந்தால் உணவறை மீண்டும் கூடமாகிவிடும். உணவு விரிப்பைக் குறிக்கும் ‘ஸுப்ரா’ என்னும் சொல் முதலில் பயணியின் கட்டுச்சோற்றையும், பிறகு அதைக் கட்டி எடுத்துச் சென்று விரித்து உண்ணும் தோலையும் குறித்தது. ‘ஸபர்’ என்னும் பயணச் சொல்லே அதன் வேர்.

எல்லாவற்றுக்கும் தலையாயது பாய். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் தாமிரபரணிக் கரைக் கோரையை ஓடும் நீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, நம் சமூகத்துப் பெண்கள் நெய்யும் பாய், துணிபோல் மடங்கும் மென்மை உடையது. ஆறடிக்கு மூன்றடிப் பாய் விரித்தால் பதினெட்டுச் சதுர அடி. சுருட்டி மூலையில் நிறுத்தினால் ஒரு செங்கல்லின் இடங்கூடப் பிடிப்பதில்லை. படுக்கை, உணவு மேசை, தொழுகை விரிப்பு, விருந்தினர் இருக்கை யாவும் அதுவே.

ஆனால் பாய்க்கும் அந்த மடக்கு இருக்கைக்கும் ஒரு வேற்றுமை உண்டு என்பது அங்கே நமக்குப் புலப்பட்டது. பாயை விரிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தூக்கம் வந்தவர் ஓரமாக விரித்துக்கொள்வார், மற்றவர் பேசிக்கொண்டிருப்பர். மடக்குக் கட்டிலோ அனைவரும் எழுந்தால் அன்றி விரியாது. ஒருவருடைய உறக்கம் மற்றெல்லோருடைய இசைவுக்கும் கட்டுப்பட்டு நிற்கிறது.

பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தை இங்கே நினையாதிருக்க இயலுமா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற செய்தி ஒன்று, பெருமானாரிடம் இருந்த ஒரு பாயைப் பற்றியது. பகலில் அது விரிக்கப்பட்டு அமரும் இடமாகும். இரவிலோ அதையே மறைப்பாக நிறுத்தி உள்ளே தொழுவார்கள். ஒரு பாய், இரு வேலை. மற்றொரு செய்தி இன்னும் நுட்பமானது. அறை அத்துணைச் சிறியது. அன்னையார் படுத்திருக்க, பெருமானார் இரவுத் தொழுகையில் நிற்பார்கள். ஸஜ்தாவுக்குத் தலை தாழ்த்தும்போது இடம் போதாமையால் அன்னையாரைத் தொட்டு உணர்த்துவார்கள். அவர்கள் கால்களை மடக்கிக்கொள்வார்கள். பெருமானார் எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்கும் இல்லை என்று அன்னையார் கூறுகிறார்கள்.

அச்சிற்றறையை வறுமையின் சித்திரமாக மட்டும் நாம் இதுகாறும் மாணவர்க்குச் சொல்லி வந்தோம். இப்போது வேறொன்றும் தெரிகிறது. தொழுகையோ வணக்கங்களுள் தலையாயது. எனினும் அதற்காக, படுத்திருந்தவர் எழுந்து வெளியே நிற்கவில்லை. தலை நிலத்தில் படும் அளவு நேரத்திற்கே கால்கள் மடங்கின. மடங்கியவை கால்கள், படுக்கை உரிமை மடங்கவில்லை.

சட்ட நூல்களில் இதற்கு ஒரு பெயரும் உண்டு. மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’ என்னும் ஹனபி மத்ஹபு நூலை இயற்றிய இமாம் மர்கீனானி அவர்கள் ஹிஜ்ரி 593இல், அதாவது 1197இல் மறைந்தவர்கள். அந்நூலின் பங்கீட்டுப் பகுதியில் ‘முஹாயஆ’ என்றொரு செய்தி வருகிறது. இருவருக்குப் பொதுவான பொருளை வெட்டிப் பிரிக்க முடியாதபோது, அதன் பயனைப் பிரித்துக்கொள்ளும் முறை அது. அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று இடத்தால் பிரிப்பது: வீட்டின் இப்பகுதி உனக்கு, அப்பகுதி எனக்கு. மற்றொன்று காலத்தால் பிரிப்பது: இன்று முழுவதும் உனக்கு, நாளை முழுவதும் எனக்கு. பிரிக்க இயலாத சிற்றறையாயின் காலப் பங்கீடே வழி.

இளமையில் இப்பாடத்தை ஓதியபோது நாம் பெரிதாக எண்ணியதில்லை. கூட்டுச் சொத்துக்காரர் வழக்கு என்று கடந்து போனோம். ஆனால் படூர் வீட்டிலிருந்து திரும்பிய பின் அந்த ஏட்டை மீண்டும் எடுத்தபோது, மடக்குத் தளவாடத்தின் இலக்கணமே அங்கு இருப்பதாகக் கண்டோம். இடப் பங்கீடு நீதிக்கு மிக நெருங்கியது என்று இமாம் அவர்கள் காட்டுகிறார்கள். ஏனெனில் இருவரும் ஒரே நேரத்தில் பயன் பெறுகின்றனர், யாரும் காத்திருப்பதில்லை. காலப் பங்கீடோ நிறைவுக்கு மிக நெருங்கியது. ஏனெனில் முறை வந்தவர் முழுப் பொருளையும் துய்க்கிறார். காலப் பங்கீட்டில் யார் முதலில் என்ற கேள்வி எழுந்தால், ஒருபக்கச் சாய்வு என்ற பேச்சுக்கு இடமில்லாதபடி சீட்டுப் போட்டுத் தீர்ப்பர்.

மடக்குக் கட்டில் இடத்தை உண்டாக்குவதில்லை. முன்பு இடத்தால் பிரிந்திருந்ததைக் காலத்தால் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவே. அதனால் கிடைக்கும் நிறைவு பெரிது: பகலில் விரிந்த கூடம், இரவில் நல்ல படுக்கை. ஆனால் அதற்கு விலையாகக் காத்திருப்பு என்ற ஒன்று வீட்டுக்குள் நுழைகிறது. காத்திருப்பவர் யார் என்பதே அறத்தின் கேள்வி. குடும்பத்தில் காஜியும் இல்லை. சீட்டுப் போடுவாரும் இல்லை. யாருடைய நாவு மென்மையானதோ அவரே காத்திருப்பார். வருமானம் ஈட்டுபவரின் அலுவல் காத்திராது. பிள்ளையின் தேர்வு காத்திராது. விருந்தினரின் பேச்சும் காத்திராது. காத்திருப்பவர் முதியவர், அல்லது மருமகள், அல்லது வாய் திறவாத பிள்ளை.

காலப் பங்கீட்டுக்குச் சான்றாகச் சட்ட அறிஞர் காட்டுவது, ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்திற்கு ஒரு நாளும் அவ்வூராருக்கு ஒரு நாளும் என நீர் அருந்தும் முறை வகுக்கப்பட்டதாகத் திருமறை சொல்லும் செய்தி. வாயில்லாப் பிராணிக்கும் அறிவிக்கப்பட்ட ஒரு நாள் இருந்தது! பத்ருக்குச் சென்ற பயணத்திலோ மூவருக்கு ஓர் ஒட்டகம். பெருமானாரோடு அலீ (ரலி), அபூலுபாபா (ரலி) ஆகிய இருவரும் முறை வைத்து ஏறினர். தங்கள் முறையிலும் பெருமானாரே ஏறிச் செல்லட்டும், நாங்கள் நடக்கிறோம் என்று அவ்விருவரும் வேண்டியபோது, நடப்பதற்கு என்னைவிட வலிமை உங்களுக்கு மிகுதியுமில்லை, நன்மையின் தேவை உங்களைவிட எனக்குக் குறைவுமில்லை என்னும் கருத்துப்பட மறுத்துவிட்டார்கள். இருவரும் மனமுவந்தே விட்டுக்கொடுத்தனர். எனினும் பெருமானார் அதை ஏற்கவில்லை. “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று ஒருவர் சொல்லிவிட்டதால் அவருடைய முறை நமக்கு ஆகிவிடாது என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக யார் கற்பிக்க முடியும்?

சிறு வீட்டைப் புகழ்வதில் வேறொரு பிழையும் நேர்வதுண்டு. விரும்பிச் சுருங்குவது வேறு, சுருக்கப்படுவது வேறு. படூருக்கு வரும் அதே சாலையில் கண்ணகி நகர் இருக்கிறது. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களை 2000ஆம் ஆண்டளவில் தொடங்கி அங்கே குடியேற்றினர். தொடக்கக் காலத்தில் கட்டப்பட்டவற்றுள் பல வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவானவை. இலங்கை மலையகத்தில் நம் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயன் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் அமைந்தது; பெற்றோர், மணமான மகன், வயது வந்த மகள் அனைவரும் அதற்குள்ளேயே. இந்நாட்டின் தேசியக் கட்டட நெறிமுறைகூட, ஒரே அறை உள்ள வீட்டில் அவ்வறை 9.5 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 102 சதுர அடிக்குக் குறையலாகாது என்கிறது. அத்தகைய வீட்டில் உள்ளவரிடம் போய் மடக்கு மேசையின் மாண்பைப் பேசுவது அறியாமை. விசாலமான வீடு மனிதனின் நற்பேறுகளுள் ஒன்று என்பதும் நபிமொழியே அன்றோ?

மேல்நாட்டிலும் மடக்குக் கட்டில் நெருக்கடியிலிருந்தே பிறந்தது. அமெரிக்க நாட்டில் அடிமை முறை ஒழிந்து 20 ஆண்டுகள் கழிந்தபின், சிக்காகோ நகரில் தளவாடக் கடை வைத்திருந்த சாரா கூட் என்னும் கறுப்பினப் பெண்மணி, மூடினால் எழுதுமேசையாகவும் திறந்தால் கட்டிலாகவும் ஆகும் பேழை ஒன்றை அமைத்து, 1885 ஜூலை 14 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் நாட்டில் அவ்வுரிமை பெற்ற முதற் கறுப்பினப் பெண்களுள் அவரும் ஒருவர். பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரின் ஓரறை வீட்டில் வாழ்ந்த முர்ஃபி என்பவர் சுவருக்குள் நிமிர்ந்து மறையும் கட்டிலைச் செய்து விற்றார். அவர் பெயரே அவ்வகைக் கட்டிலுக்குப் பொதுப் பெயராகிவிட்டது. ஜப்பானியரோ படுக்கையைக் காலையில் மடித்து, அதற்கென ஆழமாகக் கட்டிய சுவர் அலமாரியுள் வைத்துவிடுவர். இடமின்மையை அறிவால் வென்ற இவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அறிவு வெல்வது இடத்தைத்தான். முறையை வகுப்பது மனிதரின் பொறுப்பு.

இனி அந்தக் கட்டிலடிக் கிடங்கைப் பற்றி ஒரு சொல். ஆறேகால் அடி நீளம், ஐந்தடி அகலம், ஓரடி ஆழம் என்றால் அது முப்பத்தொரு கன அடி. அதில் என்ன இருந்தது என்று மாணவரிடம் கேட்டோம். திருமணத்திற்கு வந்த கம்பளிகள், அட்டைப் பெட்டி பிரியாத இரண்டு பீங்கான் வரிசைகள், பழைய கணிப்பொறி, பிள்ளைகள் மூன்று வயதில் ஏறிய வண்டி. ஆண்டு முழுவதும் வெளியே வராதவை. அதாவது, அக்கட்டில் ஒரு கிடங்கு; கணவனும் மனைவியும் அதன் இரவுக் காவலர். கூடத்து அலமாரியும் அவ்வாறே. தாயாருடைய உடைமைகளோ ஒரு தோல் பெட்டிக்குள் அடங்கின. அதுவும் இருக்கைக்கு அடியில் இருந்தது.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழி உண்டு. வீட்டில் கணவனுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தினருக்கு, அதற்கு மேல் நான்காவதாக வைப்பது ஷைத்தானுக்கு என்பது அதன் கருத்து. வீட்டு ஆட்கள் பெருகினால் படுக்கையும் பெருகலாம். வீண் பெருமைக்காகச் சேர்ப்பதே விலக்கப்பட்டது என்று உரையாசிரியர்கள் விளக்குகின்றனர். அந்தக் கணக்கில் விருந்தினருக்கு உரிய இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். நம் சிறு வீடுகளிலோ பயன்படாப் பொருளுக்கு நிலையான இடம் இருக்கிறது. உயிருள்ள மனிதருக்கு மட்டும் மடங்கும் இடம். நல்ல அலமாரிக்கு உள்ள தீங்கு இதுதான். அது நம் மிகையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துத் தருகிறது. கண்ணில் படாததை யாரும் கொடுத்துவிட நினைப்பதில்லை.

மாணவர் வருந்தினார். அவரை வருத்துவது நம் நோக்கமன்று. நாமே அன்றிரவின் குற்றவாளி. கடற்காற்று வீசும் அவ்வரங்கின் மரநிழலில் அமர்ந்து இருவரும் சேர்ந்து எண்ணிப் பார்த்தோம். காத்திருக்க வல்லவரின் பொருளை மடக்குவோம். காத்திருக்க இயலாதவருக்கு நிலையான இடம் கொடுப்போம் என்பதே நாம் கண்ட முடிவு. உண்ணும் மேசை மடங்கட்டும். அது மூன்று வேளைக்கே உரியது. விருந்தினர் படுக்கை மடங்கட்டும். விருந்தினர் என்றோ ஒருநாள் வருபவர். முதியவர், நோயாளி, கைக்குழந்தையுடைய தாய் ஆகியோரின் படுக்கை மட்டும் மடங்கலாகாது. இரண்டரை அடி அகலமே இருந்தாலும் அது இரவும் பகலும் அங்கேயே இருக்க வேண்டும். இடத்தால் பிரிக்க வேண்டியதை இடத்தால் பிரிப்போம். எஞ்சியதைக் காலத்தால் பிரிப்போம். அக்காலத்தையும் வீட்டார் வாய்விட்டுப் பேசி வரையறுப்போம். புதிய தளவாடம் வாங்கப் போகுமுன், அது மடங்கும் நேரத்தில் நம் வீட்டில் யார் எழுந்து நிற்க வேண்டி வரும் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வோம்.

ஐந்து மாதங்கள் சென்றபின் கோவளத்திலிருந்து திரும்பும் வழியில் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். கூடத்துப் பெரிய அலமாரி இல்லை. கிடங்கிலிருந்த கம்பளிகளையும் பீங்கானையும் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அலமாரியில் இருந்தவற்றை அங்கே மாற்றியிருந்தனர். அலமாரி நின்ற இடத்தில், கிழக்குச் சன்னலோரம், ஒடுக்கமான ஒரு மரக்கட்டில். மடிப்பும் கீலும் இல்லாத நான்கு கால் கட்டில். தலைமாட்டில் ரெஹால் மாட்டிய ஓர் ஆணி.

கூடம் முன்னிலும் நெருக்கமாகத்தான் இருந்தது. மேசையை இறக்கினால் ஒருவர் கட்டில் விளிம்பில் அமர்ந்துதான் உண்ண வேண்டும். இளைய மகள் அந்த இடத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டாள். இஷாவுக்குப் பிறகு பேச்சுத் தொடங்கியது. இம்முறை நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்பதரை மணிக்கு அம்மூதாட்டி கட்டிலில் கால்நீட்டிப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார். நாம் எழ முற்பட்டோம். “நீங்க பேசுங்க ஹஜ்ரத், நான் படுத்துக்கிட்டே கேக்குறேன்” என்றார்.